ஏழு புள்ளியைக் காணோம்

நான் புளுகுகிறவன் என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள், நாலாவது என் மனைவி. வெளியாள் ஒருத்தரும் சொன்னதில்லை. ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்பத்தோரு வருடமாக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற தொழில். கடை பஸ் பணிமனைக்கு எதிரே. நான் படம் எடுப்பேன். அதைக் கணினியில் ஏற்றி, வெட்டி, அச்செடுத்துக் கொடுப்பது என் மனைவி. அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. நான் வெளியே என்ன எடுக்கிறேன் என்று அவளும் கேட்டதில்லை. எங்கள் இல்லறம் இத்தனை நாள் ஓடியதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

கடை திறப்பது பத்து மணிக்கு. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நான் பணிமனை மதிலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கும் காலி நிலத்தில் இருப்பேன். பத்து பஸ்ஸை வரிசையாக நிறுத்துகிற அளவு நிலம். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. இந்த மண்ணுக்கே உரிய செடிகள் முழங்கால் உயரம் முளைத்து, ஊதா நிறத்தில் பொடிப் பொடியாகப் பூத்துக் கிடக்கும். அந்தப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். மூன்று வருடமாக அவற்றைப் படம் எடுக்கிறேன்.

எதற்கு என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேறு ஒன்றுக்காக வருகிறவர்கள். வேலைக்கு விண்ணப்பம், பயண அனுமதி, மூத்தோர் அட்டை. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தவுடன் முகம் சுளிப்பார்கள். இந்தப் பூச்சிகளுக்குப் படம் தேவையே இல்லை. எதற்கும் தேவைப்படாத ஒரு படத்தை எடுக்கும்போது கை எவ்வளவு லேசாக இருக்கிறது என்பது அறுபத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிலம் போனால் அந்தக் கையும் போய்விடும். இதில் புளுகு இல்லை.

வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். மண்டியிட வேண்டும், முழங்கை மண்ணில் ஊன்ற வேண்டும், லென்ஸைப் பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நத்தை என் செருப்பில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்ப ஏறி வந்த வழியே போயிற்று. நேரம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை நான் மண்டியிட்டிருக்கும்போது பின்னால் வண்டிச் சத்தம். என் மனைவியின் தம்பி. நகராட்சியில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். பிறந்ததே எட்டாம் மாதத்தில் என்பதால் அவனுக்கு வீட்டில் ‘அவசரம்’ என்று பெயர். ஐம்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

“அத்தான், சனிக்கிழமை இதை மொட்டை அடிக்கச் சொல்லிட்டாங்க. புல்தரை போடப்போறாங்களாம்.”

“யாருடா சொன்னது?”

“ஆபீஸ்ல. நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை, வெட்டுற ஆள். சொந்தம்னு பார்க்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“நீ எப்போடா பார்த்திருக்கே?”

அவனோடு ஒரு பெண்ணும் வந்திருந்தார். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. நகராட்சியில் செடிகளைக் கணக்கெடுக்கும் அதிகாரி. செடி ஆபீசர் என்று நானாக வைத்துக்கொண்டேன். அந்த ஊதாப் பூவைப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். மருந்துச் சீட்டில் எழுதுகிற பெயர் மாதிரி இருந்தது. அப்புறம் என் கேமராவைப் பார்த்தார்.

“ஐயா, இங்கே வெளிர்மஞ்சளா, ரெக்கையில ஏழு புள்ளி இருக்கிற பூச்சி வருமா?”

“தினம் வரும். இப்பத்தான் போச்சு.”

“அது காப்பாத்த வேண்டிய பட்டியல்ல இருக்கு. அது இந்தச் செடியிலதான் தேன் குடிக்குதுன்னு ஒரு படம் இருந்தா வெட்ட விடாம நிறுத்தலாம். பூச்சி தெரியணும், புள்ளி தெரியணும், நாக்கு பூவுக்குள்ள இருக்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். பன்னெண்டு அஞ்சுக்கு வந்தா பிரயோஜனம் இல்லை.”

“அம்மா, நாற்பத்தோரு வருஷமா நான் நேரம் தவறி ஒரு படம் கொடுத்ததில்லை” என்றேன். ஒரு தடவை ஒருத்தருக்குக் கல்யாண விண்ணப்பப் படம் தாமதமாகி, பெண் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டது. அதை அங்கே சொல்ல அவசியம் இல்லை என்று பட்டது.

செவ்வாய் காலை ஏழே முக்காலுக்கு ஏழு புள்ளிக்காரி வந்தாள். மற்ற பூச்சிகள் மாதிரி அலையமாட்டாள். நேராக ஒரு பூவுக்கு வந்து, ரெக்கையை மடித்து, சுருட்டி வைத்திருந்த நாக்கைக் கடிகாரச் சுருளை விரிப்பதுபோல் விரித்து உள்ளே விடுவாள். மடித்த ரெக்கையின் வெளிப்புறத்தில் ஏழு புள்ளி, மைக்கூட்டில் விரலைத் தோய்த்து வைத்ததுபோல. எண்ணினேன். ஏழு. பதினொரு படம் எடுத்தேன். கேமராவின் முதுகில் இருக்கும் அந்தச் சின்னத் திரைக்கும் என் கண்ணுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வழக்கம்போல மெமரி கார்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன்.

“இதுல நல்லதா ஒண்ணு பெரிசா போட்டுக் கொடு. ஆபீசுக்குப் போகுது.”

“ஆபீசுக்கா? அப்போ நல்லா போடணுமே” என்றாள்.

சாயங்காலம் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். புதன் காலை செடி ஆபீசர் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஐயா, இது என்ன பூச்சி?”

“ஏழு புள்ளிக்காரி.”

“புள்ளி எங்கே?”

வாங்கிப் பார்த்தேன். பூ இருந்தது. நாக்கு பூவுக்குள் இருந்தது. ரெக்கை, பாலில் கழுவியதுபோல, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

“இருந்துச்சும்மா. நான் எண்ணினேன்.”

“இப்படி ஒரு பூச்சியே கிடையாதுங்க. என்கிட்ட இருக்கிற மூணு புத்தகத்துலயும் இல்லை.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர் ஏதோ தடுமாறுகிறார் என்கிற மாதிரி ஒரு பரிவு. “வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இதையும் நான் மேலே அனுப்பித்தான் ஆகணும். வந்தது எல்லாம் கோப்புல போகணும்.”

அங்கிருந்து நேராக நிலத்துக்கு ஓடினேன். வழியில் கடையிலிருந்து பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். வந்தாள், உட்கார்ந்தாள், குடித்தாள். எண்ணினேன். ஏழு. கண்ணை மூடித் திறந்து எண்ணினேன். ஏழு. பின்னாலிருந்து முன்னாலே எண்ணினேன். அப்படியும் ஏழு. நாற்பது படம் எடுத்தேன். சாயங்காலம் அச்சாகி வந்த படத்தைக் கடை வெளிச்சத்தில் பார்த்தேன்.

ஒன்றுமில்லை. வழித்துத் துடைத்த ரெக்கை.

உட்கார்ந்து யோசித்தேன். பூச்சிக்கு முன்னால் நிற்கும்போது புள்ளி இருக்கிறது, படத்தில் இல்லை. அப்படியானால் ஒன்று, கேமரா சத்தம் கேட்டதும் அது புள்ளியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு, புள்ளி என்பது ரெக்கையில் ஒட்டிய தூசி, நான் மூச்சு விட்டதும் பறந்துபோகிறது. மூன்றாவது என்னவென்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் அதுதான் சரியாக இருக்கும் என்று பட்டது. கண் டாக்டரிடம் போனேன்.

கண் டாக்டர் என் தாடையை ஓர் இரும்புக் கட்டையில் ஏற்றி, கண்ணுக்குள் விளக்கடித்தார்.

“என்ன தொந்தரவு?”

“புள்ளி தெரியுது டாக்டர்.”

“எத்தனை?”

“ஏழு.”

“பறக்குதா?”

“பறக்குது.”

“வெளிச்சத்துல அதிகமா தெரியுதா?”

“வெயில் ஏறினாத்தான் வருது.”

“பிடிக்கப் போனா நழுவுதா?”

“அதை ஏன் கேட்கறீங்க.”

அவர் விளக்கை அணைத்தார். “அது வெளியே இல்லீங்க ஐயா. உங்க கண்ணுக்குள்ளதான் இருக்கு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். பயப்பட ஒண்ணுமில்லை, பழகிடும்.”

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். என்னைக் கேட்டால் உலகத்தில் மிகவும் கஷ்டமான விஷயம், தான் சொல்வது பொய்யா நிஜமா என்று தனக்கே தெரியாமல் போவதுதான். வேண்டுமென்று புளுகும்போது ஒரு கஷ்டமும் கிடையாது. எது புளுகு என்று சொல்கிறவனுக்குத் தெரியும். இப்போது நான் நிஜமென்று நினைத்துச் சொன்னது புளுகாகிவிட்டது. அப்படியானால் இத்தனை நாள் நான் புளுகு என்று நினைத்துச் சொன்னதில் எத்தனை நிஜமோ? அந்த நத்தை உட்பட.

வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். புள்ளி இல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இல்லை. மனைவி முகத்தை உற்றுப் பார்த்தேன்.

“என்னங்க இப்படிப் பார்க்கறீங்க?”

“ஒண்ணுமில்லை. புள்ளி இருக்கான்னு பார்க்கிறேன்.”

“நாற்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் குறை கண்டுபிடிக்கத் தோணுதா?” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வியாழன் காலை நிலத்துக்குப் போகவில்லை. போய் என்ன செய்வது? கண்ணுக்குள் இருப்பதைப் படம் எடுக்க லென்ஸ் இல்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாகக் காலையிலேயே கடையில் உட்கார்ந்தேன். அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டது என்று மனைவி உள்ளே கூப்பிட்டாள். நாற்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக அவள் மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஏழு புள்ளிக்காரி. நேற்று எடுத்த நாற்பதில் ஒன்று, சுவர் அளவுக்குப் பெரிதாக. புள்ளி ஏழும் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை லேசாக நகர்ந்தது. ஆறு. இன்னொரு தட்டு. ஐந்து.

“ஏய், என்ன பண்றே?”

“என்ன பண்றேன்? துடைக்கிறேன்.”

“எதைத் துடைக்கிறே?”

“மருவை. எவ்வளவு மரு பாருங்க, பாவம். ரெக்கை ஓரம் வேற கிழிஞ்சிருக்கு, அதைத் தைச்சுட்டேன். பூவுல ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்துச்சு, எடுத்துட்டேன். கண்ணுல ஒளியே இல்லை, ரெண்டு பக்கமும் பொட்டு வெளிச்சம் வெச்சேன். நேத்து சாயங்காலமே ஒண்ணு ஆபீசுக்கு அனுப்பிட்டேன், இதையும் அதே மாதிரி பண்ணிடறேன், ஆபீசுக்குப் போகுதுன்னீங்களே.”

நான் நாற்காலியைத் தேடினேன்.

“அடிப்பாவி, அது மரு இல்லைடி! அதுதான் அது! அந்தப் புள்ளிக்காகத்தான் படமே!”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா? ‘நல்லதா போடு’ன்னீங்க. நம்ம கடையில நல்லதுன்னா மரு இல்லாம இருக்கிறதுதானே? இத்தனை வருஷத்துல ஒருத்தர் வந்து என் மரு எங்கேன்னு கேட்டிருக்காங்களா?”

“நீ மனுஷங்களுக்குத்தான் துடைப்பேன்னு நினைச்சிருந்தேன்.”

“பூச்சின்னா மட்டும் அழுக்கா அனுப்பணுமா? இந்தக் கடைக்குன்னு ஒரு பேரு இருக்கு.”

“சரி, துடைக்காததைக் கொடு. செவ்வாய்க்கிழமை எடுத்தது எங்கே? இந்த நாற்பதுல மிச்சம் எங்கே?”

“அழிச்சாச்சு. இது ஒண்ணுதான் சிக்கின காகிதத்துக்காகத் திறந்து வெச்சேன்.” சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், இன்னொரு புள்ளியையும் தட்டிவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். நாலு. “ஐயையோ. கை தானா போயிடுச்சுங்க.”

நாலு புள்ளிப் பூச்சி எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் நிம்மதி வந்தது. எனக்குப் பைத்தியம் இல்லை. கண்ணுக்குள் எதுவும் பறக்கவில்லை. ஆனால் படமும் இல்லை, மிச்சம் இருப்பது ஒரே ஒரு காலை.

வெள்ளிக்கிழமை அவளும் வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “ரெண்டு நாளா யார் முகத்தைத் துடைச்சேன்னு நேர்ல பார்க்கணும்” என்றாள். கடையில் படம் எடுக்கும்போது வெளிச்சத்துக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடையைத் தூக்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் போனால் காற்று. செடியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. பழுப்பு ஒன்று வந்தது, வெள்ளை இரண்டு வந்தன. ஏழு புள்ளிக்காரியைக் காணோம். பத்தரைக்கு மேல்தான் காற்று அசந்தது. அவள் எங்கிருந்தோ வந்து என் முழங்கைக்குப் பக்கத்துப் பூவில் உட்கார்ந்தாள். மனைவி குடையைச் சாய்த்துக் காற்றை மறைத்தாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா” என்றாள் பூச்சியிடம். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பியது.

ஒரு படம். ஒரே ஒரு படம். சட்டென்று பறந்துவிட்டது. எழுந்திருக்க மனைவி கை கொடுத்தாள். அவள் பூச்சி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“புள்ளியோடவே நல்லாத்தான் இருக்கு” என்றாள். கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

கேமராவோடு அப்படியே நகராட்சிக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் எங்கள் வயதுக்கு ஓட்டம். பதினொன்றே முக்காலுக்குச் செடி ஆபீசர் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். கேமராவின் சின்னத் திரையை அவரிடம் நீட்டினேன். குனிந்து பார்த்தார். உதடு அசைய எண்ணினார். ஏழு வரை போனதை நான் பார்த்தேன். ஆனால் முகம் மலரவில்லை.

“ஐயா, முதல் படத்துல புள்ளி இல்லை. ரெண்டாவதுலயும் இல்லை. இதுல ஏழு இருக்கு. ஒரே செடி, ஒரே ஆள், ஒரே கேமரா. நான் எதை நம்பறது?”

“முதல் ரெண்டும் பொய். இதுதான் நிஜம்.”

“அந்த ரெண்டையும் மேலே அனுப்பியாச்சு. உலகத்துல யாரும் பார்க்காத புதுப் பூச்சின்னு அங்கே ஒரே பரபரப்பு. இப்போ இதைக் கொண்டுபோனா, புள்ளி வேணும்னு கேட்டதும் அந்தக் கடைக்காரர் புள்ளி வெச்சுக் கொடுத்துட்டார்னு சொல்லமாட்டாங்களா? என் வேலையே போயிடும்.”

ஏழு புள்ளியும் கேமராவுக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. நிஜத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை நம்பவைக்க முடியாமல் நிற்பது எனக்குப் புதிது. மற்றதை எல்லாம் முதல் வாயிலேயே நம்பவைத்துவிடுவேன்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து. என் மனைவி செடி ஆபீசரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இந்த அட்டையில இருக்கிற படம் எங்க கடைப் படம்தானே?”

ஆபீசர் அட்டையைப் பிடித்துப் பார்த்தார். “ஆறு வருஷம் முன்னாடி. பஸ் பணிமனைக்கு எதிர்ல ஒரு கடை.”

“அதேதான். மேலுதட்டுக்கு மேல ஒரு மரு இருக்கும். கொஞ்சம் பெரிசு. கன்னத்துல சின்னதா ரெண்டு. மூணையும் நான்தான் எடுத்தேன்.”

ஆபீசரின் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. மரு அங்கேயே இருந்தது. கன்னத்தில் இரண்டும் இருந்தன. அட்டையில் எதுவும் இல்லை.

“இதைக் காட்டித்தானே தினம் வாசல்ல உள்ளே வர்றீங்க? இது நீங்க இல்லைன்னு யாராவது சொன்னாங்களா?”

“எங்க அம்மா மட்டும் கேட்டாங்க” என்றார் ஆபீசர் மெதுவாக. “இந்தப் பொண்ணு யாருன்னு. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.”

“வெளிச்சம் இல்லைம்மா, நான். எடுக்கத்தான் எனக்குத் தெரியும். வெக்கத் தெரியாது. மரு வெச்சுக் கொடுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, நான் கத்துக்கவும் இல்லை. இவருக்கோ கணினியை எந்தப் பக்கம் திறக்கணும்னே தெரியாது.”

அதை நான் மறுக்கவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் அவமானப்பட்டால்தான் காரியம் நடக்கும் என்றால், நான் எப்போதும் தயார்.

ஆபீசர் அட்டையையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அட்டையைக் கழற்றி, புள்ளியைத் துடைத்தது தான்தான் என்று என் மனைவியிடம் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி, கேமராவின் மெமரி கார்டோடு மூன்றையும் கோப்பில் வைத்தார். தடை உத்தரவைத் தட்டச்சு செய்து முத்திரை குத்தும்போது மணி பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம்.

“முழு நிலத்துக்கும் தடை போட எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். “சட்டத்துல இருக்கிறபடிதான் எழுதியிருக்கேன். அந்தப் பூச்சி எந்தச் செடியில தேன் குடிக்குதோ, அந்தச் செடியைச் சுத்திப் பத்தடிக்கு வெட்டக் கூடாது. மத்த இடத்தை வெட்டலாம்.”

வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு செடியைச் சுற்றிப் பத்தடி. அது ஜெயித்ததா தோற்றதா என்று வீடு போகும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவசரம் வண்டியோடு வந்துவிட்டான். பத்தடிக் கயிறும், ஒரு முளைக்குச்சியும், ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளும் கொண்டுவந்திருந்தான். வண்டியை நிலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான்.

“சொல்லுங்க அத்தான், எந்தச் செடி? வட்டத்தைப் போட்டுட்டு மிச்சத்தை ஒன்பது மணிக்குள்ள முடிச்சுடறேன்.”

“பூச்சியைக் கேளு” என்றேன்.

எட்டேகாலுக்கு அவள் வந்தாள். வாய்க்கால் ஓரச் செடியில் உட்கார்ந்தாள். அவன் குச்சியை நட்டு, கயிற்றைப் பிடித்துச் சுற்றிச் சுண்ணாம்பு தூவினான். தூவி முடிக்கவும் அவள் எழுந்து பதினைந்தடி தள்ளி இன்னொரு செடிக்குப் போனாள்.

“அத்தான், இது கணக்கா?”

“நாக்கை விட்டுச்சா?”

“விட்டுச்சு.”

“அப்போ கணக்குத்தான்.”

இரண்டாவது வட்டம். அங்கிருந்து மதில் பக்கம் போனாள். மூன்றாவது. அதற்குள் வாய்க்கால் பக்கத்தில் இன்னொரு ஏழு புள்ளி வந்து உட்கார்ந்தது.

“அக்கா, இது அதுவா, வேற ஒண்ணா?”

“வேற ஒண்ணுடா. அதுக்கு இடது ரெக்கை ஓரம் கிழிஞ்சிருக்கும்.”

“ரெண்டு பூச்சிக்கும் சேர்த்து உத்தரவு ஒண்ணுதானே இருக்கு?”

அது எங்களுக்கும் தெரியவில்லை. சந்தேகத்துக்கு அவன் ஒரு வட்டம் போட்டான். பிறகு மூன்றாவது பூச்சி, நான்காவது பூச்சி. அவன் வாழ்நாளில் எதன் பின்னாலும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட நடந்துதான் வந்தான். பதினொரு மணிக்கு நான் மதில்மேல் ஏறி நின்று பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டம், வட்டத்தின்மேல் வட்டம். பாத்திரம் வைத்துப் பாத்திரம் எடுத்த சமையல் மேடை மாதிரி நிலம் முழுக்கச் சுண்ணாம்பு வளையம். வட்டம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நடுவில், போர்வை அகலத்துக்கு. அதில் அவன் வண்டி நின்றது.

“இதையாவது வெட்டிட்டு, வேலை முடிஞ்சதுன்னு எழுதிட்டுப் போறேன்” என்று வண்டிக்கு வந்தான்.

வண்டி உள்ளே வரும்போது ஒரு செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து சக்கரத்தின் மேல்மூடியில் மாட்டியிருந்தது. வாடவில்லை. பூ இருந்தது. கிழிந்த ரெக்கைக்காரி வந்து அதில் உட்கார்ந்தாள். நாக்கை விரித்தாள்.

அவசரம் அவளையே பார்த்தான். பிறகு செல்போனை எடுத்துச் செடி ஆபீசரைக் கூப்பிட்டான்.

“அம்மா, பூச்சி என் வண்டிமேல உட்கார்ந்திருக்குங்க… இல்லீங்க, சும்மா உட்காரலை, குடிக்குது… சக்கரத்துல ஒரு செடி மாட்டியிருக்குங்க… வேர் இருக்குங்க… ஆமாங்க, அதே செடிதாங்க.” குனிந்து சக்கரத்தை இன்னொரு தரம் பார்த்தான். “சரிங்க. வண்டியைச் சுத்தியாங்க? வண்டின்னு சட்டத்துல இல்லையா? செடின்னுதான் இருக்கா? சரிங்க.”

போனைப் பையில் வைத்துவிட்டு, சக்கரத்தின் பக்கத்தில் குச்சியை நட்டான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய வட்டங்களின்மேல் கால் படாமல் துள்ளித் துள்ளி, கடைசி வட்டத்தைச் சுண்ணாம்பால் போட்டு முடித்தான். நிமிர்ந்து பார்த்தான். நிலத்தில் கால் வைக்க இடமில்லை. அவன் வட்டத்துக்கு உள்ளே நின்றான். நாங்கள் மதில் ஓரம், வெளியே.

“அத்தான், வெட்டத்தான் கூடாதா, மிதிக்கவும் கூடாதா?”

உத்தரவை எடுத்துப் படித்தேன். மனைவியும் வாங்கிப் படித்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“தெரியலைடா மச்சான்” என்றேன். “ஆபீசரையே கேளு.”

அவன் மறுபடி போன் போட்டான். இன்றைக்கு அரைநாள், ஆபீசர் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வருவார் என்று யாரோ சொன்னார்கள். அவன் வண்டி இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். என் மனைவி மதிலோரமாகச் சுற்றிப் போய், தம்பிக்கு வெயில் படாமல் இருக்க, வெள்ளைக் குடையைக் கையை எட்டும் மட்டும் நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.